எம்ஆர்ஐ வாங்கிக் கொடுத்தால் நரம்பியல் துறை வந்துவிடுமா?

தேவகோட்டையைச் சேர்ந்த, இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சென்ற தை மாதம் அவருடைய வீட்டுப் பெரியவரான அப்பச்சி விடியற்காலை எழுந்தபோது வலது கையும் காலும் விளங்கவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக், அப்புறம் காரைக்குடி, அப்புறம் மதுரை என்று மூன்று இடம் மாறி, நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்ப்பதற்குள் ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. "நம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. மதுரையிலும் சென்னையிலும் இருப்பதைப் போல ஒரு முழு நரம்பியல் துறை இங்கே வளர எத்தனை வருடமாகும்? நாங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு எம்ஆர்ஐ வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் நடக்குமா?" இதுதான் அவர் எழுதியிருப்பது.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு துறை எப்படி வளர்கிறது என்பது ஒன்று. அந்தத் துறை இங்கே இருந்திருந்தால் என் அப்பச்சி இன்று எழுந்து நடந்திருப்பாரா என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பள்ளத்தூரில் பிறந்தவன். பொது மருத்துவத்தில் எம்.டி., அதன்மேல் நரம்பியலில் டி.எம். படித்தேன். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருபது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் நோயாளிகளைப் பார்க்கிறேன். மூளை அறுவை சிகிச்சை என் வேலை இல்லை. அரசாணை எப்போது வரும், எந்தக் கல்லூரிக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்லும் இடத்திலும் நான் இல்லை. வார்டிலும் ஓபியிலும் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. கை விளங்காமல் போனதை வெளியிலிருந்து பார்த்து இது எது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். கசிவு இல்லை என்று தெரிந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடலாம். இது பல ஆயிரம் நோயாளிகளிடம் சோதித்து நிலைநாட்டப்பட்ட விஷயம். 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரம் என்று எல்லை வைத்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால், எட்டுப் பேருக்குப் போடுவதில் கூடுதலாக ஒருவர் ஏறக்குறைய ஊனம் இல்லாமல் மீள்கிறார் என்பது அந்த முதல் ஆய்வின் கணக்கு. அதே ஆய்வில் நூற்றில் ஆறு பேருக்கு அந்த ஊசியாலேயே மூளையில் ரத்தம் கசிந்தது. எல்லோரையும் எழுப்பி நடக்கவைக்கும் ஊசி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த எட்டில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருக்கலாம், அதனால்தான் நாங்கள் அதற்காக இவ்வளவு ஓடுகிறோம்.

உங்கள் அப்பச்சி விஷயத்தில் இன்னொரு சிக்கல். தூங்கி எழும்போது தெரிந்த பக்கவாதத்துக்குக் கடிகாரம் எழுந்த நேரத்தில் தொடங்குவதில்லை. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இரவு பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்தார் என்றால் எங்களுக்குக் கணக்கு பத்து மணிதான். சில பேருக்கு, பெரிய குழாய் அடைத்திருந்து மூளையின் பெரும்பகுதி இன்னும் பிழைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால், 24 மணி நேரம் வரை கம்பிவழியாக அடைப்பை உருவி எடுக்கலாம். உங்கள் அப்பச்சி அந்தச் சிலரில் ஒருவரா என்பதை ஸ்கேன் படம் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. அதனால் அந்த ஏழு மணி நேரத்துக்கு உங்களையோ உங்கள் ஆச்சியையோ குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. அந்த ஊசிக்கு முழு நரம்பியல் துறை தேவையில்லை. இரவும் பகலும் ஓடும் சிடி ஸ்கேன், கையிருப்பில் மருந்து, இதற்கென்று பயிற்சி எடுத்த ஒரு பொது மருத்துவர், போனை எடுக்கும் ஒரு நரம்பியல் மருத்துவர், இவ்வளவு இருந்தால் போதும். அவர் மதுரையிலேயே உட்கார்ந்து படத்தைப் பார்த்துச் சொல்லலாம். எம்ஆர்ஐ இதில் முதல் தேவையாக வரவே வராது. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திருப்பத்தூர், மேலூர் தாண்டிப் போய், அங்கே வரிசையில் நின்று, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் நாலரை மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஊசி இங்கேயே போடப்பட்டு, அப்புறம் நோயாளி மதுரை போவதுதான் சரியான வரிசை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, அப்படியானால் துறை எதற்கு? பக்கவாதம் நரம்பியலின் ஒரு அறை மட்டுமே. வலிப்பு, பார்க்கின்சன், கை கால் மரத்துப்போகும் நரம்பு நோய்கள், தசை தளர்ந்துபோகும் நோய்கள், மூளைக்காய்ச்சல், மூளையில் காசநோய், பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை நோய்கள் என்று அந்த வீடு பெரியது. இவற்றில் பலவற்றுக்கு ஊசியும் இல்லை, அவசரமும் இல்லை. பல வருடம் கூடவே வரும் ஒரு மருத்துவர் வேண்டும், அடுத்த தலைமுறை மருத்துவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடத்தைத்தான் துறை என்கிறோம்.

அது எப்படி வளர்ந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய வரலாறு இருக்கிறது. மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை நரம்பு சிகிச்சையைத் தொடங்கினார். மறு வருடம், 1950இல், இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று வந்த பி. ராமமூர்த்தி சென்னை பொது மருத்துவமனையில் தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் உருவானபோது அதை உருவாக்கியவர்கள் நாலே பேர்: சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங். இத்தனை பெரிய நாட்டுக்கு நாலு பேர். அப்போது சிடி ஸ்கேன் உலகத்திலேயே கிடையாது. முதல் நோயாளிக்கு அது லண்டனில் எடுக்கப்பட்டது 1971இல்தான். மூளைக்குள் கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மூளையின் நீர் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அதற்கும் முன்னால் நோயாளியின் கண், நாக்கு, நடை, கால் விரல் இவற்றைத் தொட்டுப் பார்த்தே கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார்கள்.

கவனியுங்கள், இரண்டு இடத்திலும் முதலில் வந்தது ஒரு ஆள். அவருக்காகச் சில படுக்கைகள் பொது வார்டிலிருந்து பிரிக்கப்பட்டன. அப்புறம் அவரிடம் படிக்க மாணவர்கள் வந்தார்கள். 1960களில் டி.எஸ். கனகா சென்னையில் மூளை நரம்பு அறுவையில் பட்டம் பெற்றார். ஆசியாவிலேயே அந்தத் துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர் அவர். ராமமூர்த்தி தொடங்கி இருபது வருடத்துக்குள் அங்கிருந்து அப்படி ஒருவர் உருவானார் என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

துறை என்று ஒன்று முதிர்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? அது தன் வாசலில் நிற்கும் நோயாளிகளைப் பார்த்துச் சொந்தமாகக் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இயக்க நரம்பணு நோய் என்று ஒன்று உண்டு. கை கால் தசைகள் கரைந்துகொண்டே போகும், மேல்நாட்டு நூல்களின்படி பெரும்பாலும் நடுவயது தாண்டியவர்களுக்கு வரும், சில வருடங்களில் உயிரைக் குடித்துவிடும். சென்னையில் அவர்கள் பார்த்த சிலர் இளவயதுக்காரர்கள். கை கால் இளைப்போடு முகமும் தொண்டையும் பலவீனப்பட்டு, காதும் கேட்காமல் போயிருந்தது. ஆனால் நோய் மெதுவாக நகர்ந்தது, பல வருடம் வாழ்ந்தார்கள். இன்று உலக நூல்களில் அது மெட்ராஸ் வகை இயக்க நரம்பணு நோய் என்றே இருக்கிறது. ஒரே மாதிரி நோயாளிகளை ஒரே வார்டில் வைத்து, ஒரே வகையாகக் குறிப்பு எழுதி வைத்ததால்தான் அது கண்ணில் பட்டது. நோயாளிகள் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருந்தால் ஒவ்வொரு மருத்துவரும் 'இது கொஞ்சம் விசித்திரமான கேஸ்' என்று சொல்லி விட்டிருப்பார்.

வேலூர் கதை எனக்கு இதைவிட நெருக்கமானது, ஏனென்றால் அது என் ஓபியில் தினமும் உதவுகிறது. சிடி ஸ்கேன் இந்தியாவில் பரவிய பிறகு, வலிப்போடு வரும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் மூளையில் ஒரே ஒரு சின்ன வளையம் தெரிவது அடிக்கடி நடந்தது. நம் நாட்டில் மூளையில் புள்ளி என்றால் காசநோய்க் கட்டிதான் என்று நினைத்து, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அந்தத் திருப்தியோடு நிற்கவில்லை. அந்தப் புள்ளியைத் துண்டு எடுத்து நோய்க்கூறு மருத்துவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1991இல் அது வெளியானது. பெரும்பாலும் தானே ஆறிவிடும் புள்ளி அது. காசநோய் மருந்தே தேவையில்லை, வலிப்பு மாத்திரை போதும் என்பது அப்புறம் உறுதியானது. எத்தனை பிள்ளைகள் வேண்டாத மருந்திலிருந்து தப்பினார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனம் நிறையும். நோயாளியைப் பார்ப்பவர், அறுப்பவர், படம் படிப்பவர், நுண்ணோக்கியில் பார்ப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் கேட்கும்படி இருந்ததால் வந்தது அது.

இனி நான் கூட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது எங்கள் கல்லூரியில் நரம்பியல் என்பது பொது மருத்துவத்தின் ஓரத்தில் வாரம் ஒரு நாள் ஓபி. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சுத்தியல், ஒரு இசைக்கவை, கொஞ்சம் பஞ்சு. அந்த ஓபியில் எங்கள் பேராசிரியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வலிப்பு நோயாளி ஒவ்வொருவருக்கும் நீளமான கணக்கு நோட்டில் ஒரு பக்கம். பெயர், ஊர், முதல் வலிப்பு எப்போது, என்ன மாத்திரை, போன மாதம் எத்தனை தடவை வந்தது. மாத்திரை தீர்ந்தும் வராதவர்களுக்கு அவரே அஞ்சலட்டை எழுதுவார். இளையான்குடி, திருவாடானை, கல்லல் என்று எங்கெங்கோ போகும் அட்டைகள். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு நாலு நோட்டு ஆனது. தனிப் படுக்கை வேண்டும், தனி உதவிப் பேராசிரியர் வேண்டும் என்று மேலே எழுதியபோது அவர் கோப்போடு அனுப்பியது அந்த நோட்டின் எண்ணிக்கையைத்தான். துறை அந்த நோட்டிலிருந்து பிறந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அடுத்து வந்தது இஇஜி. தலையில் 21 இடத்தில் பசை தடவிக் கம்பி ஒட்டி, மூளையின் மின் அலையை எழுதும் கருவி. பார்க்க எளிது. ஆனால் எண்ணெய் தேய்த்து வந்த தலையைத் துடைத்து, மூக்குக்கு மேலே இருந்து பின்மண்டை வரை டேப்பால் அளந்து, ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் குறித்து, அழும் பிள்ளையைத் தூங்கவைத்து, கண் சிமிட்டலால் வந்த கோடு எது, வலிப்பின் கோடு எது என்று அங்கேயே குறிப்பு எழுத ஒரு டெக்னீசியன் வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் அன்பர்கள் நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்த இஇஜி கருவி ஒன்று மூன்று வருடம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. டெக்னீசியன் பணியிடம் இல்லை. நாங்கள் உறையை எடுத்த அன்று பசை டப்பா கல்லாகியிருந்தது, கம்பிகளின் முனை பச்சை பூத்திருந்தது. அந்த மூன்று வருடமும் நோயாளிகள் வெளியே காசு கொடுத்து எடுத்து வந்தார்கள். உங்கள் எம்ஆர்ஐ பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பச்சை பூத்த கம்பிதான். எம்ஆர்ஐ வந்தால் அதற்கு டெக்னீசியன், படம் படிக்கும் கதிரியக்க மருத்துவர், வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம், நிற்காத மின்சாரம் எல்லாம் வேண்டும். வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான்.

மூன்றாவது, செவிலியர்கள். இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் பலவீனப்பட்டிருக்கலாம். வீட்டிலிருந்து ஆச்சி பாசத்தோடு தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டு வருவார், படுத்த வாக்கிலேயே ஊட்டுவார். அது நுரையீரலுக்குள் போய் இரண்டு நாளில் நிமோனியா. ஊசி போட்டு மீண்டவர்களைக்கூட இப்படி இழந்திருக்கிறோம். எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். புதிய நோயாளி யாராக இருந்தாலும் உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலும் கீழும் அசைகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். இருமல் வருகிறதா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று கேட்பார். சரியாக இருந்தால்தான் கஞ்சி. இல்லையென்றால் மூக்குவழிக் குழாய். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார், 'வாய்வழி எதுவும் கூடாது'. எங்களில் எந்த மருத்துவர் காப்பாற்றியதையும்விட அந்தத் தேக்கரண்டி காப்பாற்றியவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு. எண் கணக்கு எடுக்கவில்லை, அதனால் கணிப்பு என்றுதான் சொல்ல முடியும். பிசியோதெரபிக்கும் இதே கதைதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் டி.எம். இடங்கள் வருகின்றன. எம்.டி. முடித்தவர்களுக்கு மேலும் மூன்று வருடப் படிப்பு அது. இந்த இடங்கள் வந்த நாளில் ஒரு துறையின் முகமே மாறும். இரவு இரண்டு மணிக்கும் நரம்பியல் படிக்கும் ஒருவர் டூட்டியில் இருப்பார். பேராசிரியரைக் கேள்வி கேட்க ஆள் இருக்கும். அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களில் பாதியை ஏற்கனவே அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கி 2020இல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதன்படி கலந்தாய்வு நடத்த வழிவிட்டது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது முக்கியம். அரசுப் பணியில் இருந்து படிக்கப் போகிறவர் திரும்பி அரசு மருத்துவமனைக்கே வருகிறார். அவர் சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ வந்து நிலைப்பாரா, பெரிய நகரத்துக்கு மாற்றல் கேட்பாரா என்பது அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து துணைக்கு இன்னொரு நரம்பியல் மருத்துவர் இருக்கிறாரா என்பது வரை பலவற்றைப் பொறுத்தது. தனியாக ஒரே ஆளாக இருப்பவர் இரண்டு வருடத்தில் களைத்துப்போகிறார். இரண்டு பேரை ஒன்றாகப் போட்டால் நிற்கிறார்கள். இது நான் பல தடவை பார்த்தது.

எத்தனை வருடமாகும் என்றால், சிவகங்கை மருத்துவக் கல்லூரி 2012இல் வந்தது, புதுக்கோட்டை 2017இல், ராமநாதபுரம் 2022இல். மதுரை மருத்துவக் கல்லூரி 1954. வயதை ஒப்பிட்டாலே புரியும். சென்னையில் 1950இல் தொடங்கியவர்கள் தங்கள் பெயர் சொல்லும் நோயை எழுத இருபது வருடமானது. வாரம் ஒரு நாள் ஓபி தினசரி ஓபியாக ஐந்து வருடம், படுக்கையும் இஇஜியும் ஆட்களும் நிலைக்க இன்னொரு ஐந்து வருடம், படிப்பு இடங்கள் வந்து முதல் அணி வெளியேற மேலும் ஐந்து வருடம் என்று நான் மனதுக்குள் கணக்கு வைத்திருக்கிறேன். இது என் அனுபவக் கணக்கு, நல்ல தலைவர் கிடைத்தால் குறையும்.

நம் மண்ணின் கேள்வி எதுவாக இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். எனக்குத் தோன்றுவது கட்டுவிரியன். பல வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், கல்லல் பக்கத்திலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனை விடியற்காலை கொண்டுவந்தார்கள். இரவு முழுக்க வயிற்று வலி. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கு நுனி வழியாக என்னைப் பார்த்தான். இமை தூக்க முடியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கே படுத்திருந்தாய் என்றேன். களத்தில், தரையில், என்றான் குழறலாக. கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். பல் பட்ட தடம் பெரும்பாலும் தெரியாது, வீக்கமும் வராது. அதன் நஞ்சு நரம்பின் முனையையே சேதப்படுத்துவதால், நல்லபாம்புக் கடிக்குக் கைகொடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசி இதற்கு உதவாது. விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசமும்தான். அந்தப் பையன் எட்டு நாள் சுவாசக் கருவியில் இருந்து, நடந்து வீட்டுக்குப் போனான். வேறு எங்காவது அவனை வாதம் என்றோ பேய் என்றோ நினைத்திருப்பார்கள். இமை இறங்கி வருபவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள், எத்தனை நாள் கருவி தேவைப்பட்டது என்று நம் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரே நோட்டு வைத்தால் பத்து வருடத்தில் நாடே திரும்பிப் பார்க்கும் ஒரு வேலை ஆகும்.

இனி உங்கள் பணம். நம் ஊர்க்காரர்களுக்குக் கல்விக்குக் கொடுப்பது புதிதில்லை. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாரால் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தது. அதில் நான் கற்றுக்கொண்டது, அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்ததோடு, உள்ளே விஞ்ஞானிகளை நியமித்து வருடாவருடம் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை மத்திய ஆராய்ச்சிக் குழுமம் ஏற்கும்படி செய்தார் என்பதுதான். இல்லையென்றால் அந்த 300 ஏக்கரில் இன்று கருவேலம்தான் இருக்கும்.

அதனால் நாலைந்து குடும்பம் சேர்ந்து செய்யக்கூடியது இப்படி. கல்லூரி முதல்வரைப் பாருங்கள், எம்ஆர்ஐ பேச்சை எடுக்க வேண்டாம். வலிப்பு ஓபி வாரம் எத்தனை நாள், இஇஜி டெக்னீசியன் இருக்கிறாரா, ஸ்ட்ரோக் ஊசி இரவிலும் போடப்படுகிறதா, மருந்து தீர்ந்த நாட்கள் எத்தனை என்று கேளுங்கள். நோயாளர் நலச் சங்கம் வழியாக, விதிகள் இடம் தரும் அளவுக்கு, ஒரு டெக்னீசியனின் ஐந்து வருடச் சம்பளத்தை ஏற்க முடியுமா என்று பாருங்கள். இரண்டு செவிலியரைப் பெரிய நரம்பியல் நிலையம் ஒன்றுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வலிப்பு நோயாளிகளுக்கு மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும் மாதாமாதம் பஸ் ஏறி வருவதில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அந்தக் கூலியை யோசித்துத்தான் பாதிப் பேர் மாத்திரையை விடுகிறார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது, சரியாக மருந்து எடுத்தால் 70 சதவீதம் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் இன்றும் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். மாத்திரை தொடர்ந்து கிடைக்க ஒரு வழி செய்தால், உங்கள் எம்ஆர்ஐயைவிட அதிகம் பேர் பயனடைவார்கள்.

கடைசியாக அப்பச்சி. தை மாதம் என்றால் சில மாதமாகிவிட்டது. கை, கால் மீள்வது முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் நடக்கும். பேச்சு அதற்குப் பிறகும் நீண்ட நாள் முன்னேறும், அதனால் நிறுத்த வேண்டாம். தினமும் இரண்டு வேளை, வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சி பத்துத் தடவை, யாராவது பக்கத்தில் நின்று. இடது கை எல்லாவற்றையும் செய்ய விடாமல், வலது கைக்கு ஒரு வேலையாவது கொடுங்கள். புளி உருண்டை பிசைவது நல்லது. ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளிலும் விடக் கூடாது. எங்கள் பக்கம் மறுபடியும் பக்கவாதத்தோடு வருபவர்களில் மாத்திரையை விட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். வலது கைக் கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தொடுகிறதா என்று ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன பயிற்சி என்று சொல்கிறேன்.